கோபம் போகவில்லை, அப்படியானால் நான் இரட்சிக்கப்படவில்லையா?

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு 41 வயது. திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு கோயம்புத்தூரில் இருக்கிறேன். வீட்டில் கணவர், பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், அப்புறம் அத்தை. மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன். அவர்களுக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்து மூன்று வருடம் ஆகிறது.

"பால் வந்தாச்சா?" என்று காலை ஐந்து மணிக்கு ஆரம்பிப்பார்கள். வந்துவிட்டது, காய்ச்சியாகிவிட்டது, நீங்கள் குடித்தும் முடித்துவிட்டீர்கள் என்பேன். இரண்டு நிமிடத்தில் மறுபடியும் அதே கேள்வி. ராத்திரியிலும் இரண்டு மூன்று தடவை எழுந்து கதவைத் திறக்கப் போவார்கள். போன மாதம் ஒரு நாள் தாங்க முடியாமல் கையில் இருந்த சில்வர் டம்ளரை சிங்கில் ஓங்கி எறிந்தேன். விளிம்பு நசுங்கிவிட்டது. அதே வாரம், குளிக்க வரமாட்டேன் என்று அடம்பிடித்தபோது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து இழுத்தேன். சாயங்காலம் வரை அந்த இடம் சிவந்தே இருந்தது. கணவரிடம்கூட இதைச் சொல்லவில்லை.

மகள் பார்த்துவிட்டாள். "சண்டே கிளாஸ்ல நீங்க இப்படி இருக்க மாட்டீங்களேம்மா" என்றாள். நான் அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன்.

கல்லூரி நாட்களில் கன்வென்ஷன் கூட்டங்களில் முழு அர்ப்பணிப்புக்காக மூன்று தடவை முன்னால் போய் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கோபம் என்னை விட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன். ஆறு வருடமாகச் சீர்திருத்த உபதேசமுள்ள சபைக்குப் போகிறோம். கிருபை என்றால் என்ன என்பது இங்கேதான் புரிந்தது. ஆனால் "பரிசுத்தமில்லாமல் ஒருவனும் கர்த்தரைத் தரிசிப்பதில்லையே" என்ற வசனத்தின்மேல் பிரசங்கம் கேட்ட நாளிலிருந்து மனதில் நிம்மதி இல்லை. மெய்யான விசுவாசியிடம் நல்ல நடத்தை என்ற கனி இருக்கும் என்றார் போதகர். என்னிடம் எங்கே இருக்கிறது? இரண்டு மாதமாகத் திருவிருந்தில் கலந்துகொள்ளவில்லை. அத்தையிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றால், ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். கேட்டு என்ன பயன், அக்கா?

- பெயர் வேண்டாம், ஒரு சகோதரி

அன்பான சகோதரிக்கு,

முதலில் அந்த மணிக்கட்டு. இன்று ராத்திரியே கணவரிடம் சொல்லிவிடுங்கள். அது பாவம் என்று நீங்கள் எழுதாமல் எழுதியிருக்கிறீர்கள். அதை வெறும் களைப்பு என்று சொல்லி நான் உங்களைச் சமாதானப்படுத்தப் போவதில்லை. அதே சமயம், மூன்று வருடமாக முழு இரவு தூங்காத உடம்பு அது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உங்கள் பயத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1647-இல் முடிக்கப்பட்ட, உபதேசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லும் வெஸ்ட்மின்ஸ்டர் சிறிய வினாவிடை உங்கள் சபையில் இருக்கும். எடுத்துப் பாருங்கள். நீதிமானாக்கப்படுதலை, அதாவது தேவன் நம்மை நீதிமான் என்று ஏற்றுக்கொள்வதை, அது தேவன் செய்யும் ஒரு செயல் என்கிறது. பரிசுத்தமாக்கப்படுதலை, அதாவது நம் வாழ்க்கை கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதை, தேவன் நடத்திவரும் ஒரு வேலை என்கிறது. முதலாவது ஒரே தரம் நடந்து முடிந்தது. கிறிஸ்துவின் நீதி உங்கள் கணக்கில் வைக்கப்பட்டாயிற்று. டம்ளரை எறிந்த அன்று அது குறையவில்லை, பொறுமையாக இருந்த நாளில் கூடவும் இல்லை. இரண்டாவது, பாவத்துக்கு "மேலும் மேலும்" மரித்து நீதிக்குப் பிழைப்பது. அது ஆயுசு முழுக்க நடக்கும். நீங்களோ இரண்டாவதை வைத்து முதலாவதை தினமும் காலை ஐந்து மணிக்கு அளந்து பார்க்கிறீர்கள். அப்படி அளந்தால் யாருக்குத்தான் நிம்மதி வரும்?

மூன்று தடவை முன்னால் போய் நின்றதாக எழுதியிருந்தீர்கள். 1875-இல் இங்கிலாந்தில் கெசிக் என்ற ஊரில் தொடங்கிய கூட்டங்களில், ஒரே முழு அர்ப்பணிப்பால் வெற்றி வாழ்க்கைக்குள் போய்விடலாம் என்ற போதனை பலமாக இருந்தது. தேவபக்தியுள்ள நிறைய பேர் அதில் இருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கம் நம் டோனாவூரில் உழைத்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை மிஷனெரியாக அனுப்பியதும் கெசிக் கூட்டத்தார்தான். அவர்கள் பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் போதனை, விழுகிற ஒவ்வொரு தடவையும் "என் அர்ப்பணிப்பு போதவில்லை" என்று நினைக்க வைக்கிறது. நீங்கள் சபை மாறிவிட்டீர்கள். அந்தப் பழைய அளவுகோலையும் கூடவே எடுத்து வந்திருக்கிறீர்கள்.

எபிரெயர் 12:14-ஐ முழுசாக வாசியுங்கள். "பரிசுத்தமுள்ளவர்களாயிருக்கவும் நாடுங்கள்" என்று முன்னால் இருக்கிறது. நாடுவது என்றால் விடாமல் பின்தொடர்வது. பின்தொடர்கிறவன் இன்னும் போய்ச் சேரவில்லை. 1563-இல் வந்த ஹைடல்பர்க் வினாவிடை, மகா பரிசுத்தவான்களுக்கும் இந்த வாழ்க்கையில் கீழ்ப்படிதலின் சிறு தொடக்கம்தான் உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் அவர்கள் எல்லாக் கட்டளைகளின்படியும் வாழ உறுதியோடு தொடங்குகிறார்கள் என்று உடனே சேர்த்துச் சொல்கிறது. உங்களிடம் கனி எங்கே என்று கேட்டீர்கள். கணவரிடம்கூடச் சொல்லாத அந்தச் சிவந்த மணிக்கட்டை மூடி மறைக்காமல் எழுதிய கை யாருடையது?

திருவிருந்தை விட்டு விலகி இருப்பது எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது. "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து" என்றுதான் பவுல் எழுதுகிறார். சோதித்தறிந்து விலகிப் போகச் சொல்லவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடையின் 172-ஆவது கேள்வி, தான் கிறிஸ்துவுக்குள் இருக்கிறேனா என்று சந்தேகப்படுகிறவனைப் பற்றியே கேட்கிறது. தன் அவிசுவாசத்துக்காகத் துக்கப்பட்டு, சந்தேகம் தீரப் பிரயாசப்படுகிறவன் வரலாம், வரவும் வேண்டும், பலப்படும்படி வர வேண்டும் என்பது பதில். போதகரிடம் பேசிவிட்டு அடுத்த தடவை போய் உட்காருங்கள்.

மன்னிப்பு விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான படத்துண்டுகளும் சந்தோஷமான படத்துண்டுகளும் காட்டினார்கள். 2014-இல் வெளிவந்த ஆய்வு. பார்த்ததை அவர்கள் சீக்கிரமே மறந்தார்கள். ஆனால் அந்தத் துக்கமும் சந்தோஷமும் மறதிக்குப் பிறகும் அவர்களிடம் தங்கியிருந்தன. நீங்கள் இழுத்தது அத்தைக்கு ஞாபகம் இருக்காது. அந்தப் பயம் கொஞ்ச நேரமாவது இருந்திருக்கும். அதேபோல, அந்த மணிக்கட்டைத் தடவிக் கொடுத்து "அத்தை, நான் தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்று சொன்னால், வார்த்தை போனாலும் இதம் இருக்கும். மகளிடமும் கேளுங்கள். சண்டே கிளாஸில் சொல்லாத ஒன்றை அவள் அன்று வீட்டில் கற்றுக்கொள்வாள்.

"ஆவியினாலே சரீரத்தின் செய்கைகளை அழித்தால் பிழைப்பீர்கள்" என்பது ரோமர் 8:13. கோபத்தைப் பொதுவாக எதிர்த்துப் போராட முடியாது. எந்தச் சந்தர்ப்பத்தில் பாவம் தலைதூக்குகிறது என்று கவனித்து அங்கே விழித்திருக்கச் சொன்னார் 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பியூரிட்டன் போதகர் ஜான் ஓவன். உங்களுக்கு அது காலை ஐந்து மணி, அப்புறம் குளியல் நேரம். பால் கேட்டால் திருத்த வேண்டாம். அந்த மூளையில் உங்கள் பதில் பதிவதில்லை. ஒரு காலத்தில் வீட்டுக்கே பால் வாங்கிக் காய்ச்சினவர்களாக இருக்கலாம்; அந்தக் கவலைதான் பேசுகிறது. "வந்தாச்சு அத்தை" என்று கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். குளிக்க மறுத்தால் ஒரு நாள் வெந்நீரில் துடைத்துவிட்டால் போதும். கை இறுகுகிறது என்று தெரிந்தால், அவர்களைப் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு வெளியே வந்து நின்று ஜெபியுங்கள். ராத்திரி எழுந்து நடப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சாக வேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்கு தேவன் முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கொடுத்தார். தூதன் இரண்டு தடவை வந்து எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். ஓரேப் மலையில் பேசியது அதற்கப்புறம்தான். உங்களுக்கும் முதலில் தூக்கம் வேண்டும். வாரத்தில் மூன்று இரவாவது கணவர் அத்தையின் அறையில் படுக்கட்டும். அவர்கள் அவருடைய அம்மா. எந்தெந்தக் கிழமை என்று இருவரும் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா