செம்பனையோரத்து வெள்ளைக் காக்கத்துவா

கேள்வி: எங்கள் தோட்டத் திடலோர மரங்களுக்கு மாலையில் இரண்டு வெள்ளைக் காக்கத்துவா வருகின்றன. காட்டுப் பறவைகளா? படம் எடுத்தால் உடம்பு வெறும் வெள்ளைத் திட்டாக விழுகிறது. 300 மி.மீ. லென்ஸ் வைத்திருக்கிறேன். – வாசகர், பீடோர்

பதில்: தீபகற்ப மலேசியக் காடுகளுக்குக் காக்கத்துவா சொந்தமில்லை. ஆஸ்திரேலியா, நியூகினி, கிழக்கு இந்தோனேசியத் தீவுகள், பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பறவை அது. நீங்கள் பார்ப்பவை கூண்டிலிருந்து தப்பியவையாகவோ தப்பியவற்றின் குஞ்சுகளாகவோ இருக்கலாம். சிங்கப்பூரில் அப்படிப் பெருகிய கூட்டங்களே உண்டு.

இனத்தைக் கொண்டையும் அலகும் காட்டிக் கொடுக்கும். மஞ்சள் கொண்டையும் கறுப்பு அலகும் இருந்து, உடல் ஏறக்குறைய 35 செ.மீ. என்றால் சிறிய மஞ்சள் கொண்டை இனம். அதே தோற்றத்தில் 45 செ.மீ.க்கு மேல் என்றால் ஆஸ்திரேலியப் பெரிய இனம். கொண்டை குட்டையாக வெள்ளையாய், அலகு வெளிறி, கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே இளஞ்சிவப்பு தெரிந்தால் இந்தோனேசியாவின் தானிம்பார் தீவு இனம். பறவையின் கால்களையும் படம் எடுங்கள். வளையம் இருந்தால் கூண்டுப் பறவை என்பதற்கு நல்ல தடயம்.

இனி வெள்ளைத் திட்டு. பின்னால் கரும்பச்சை இலைகள் நிறைந்திருப்பதால், காட்சி இருட்டு என்று கேமரா கணக்குப் போட்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. இறகின் வரிகள் அதில் கரைந்துபோகின்றன. கேமராவின் வெளிச்சத் திருத்தத்தை (exposure compensation) −0.7இல் தொடங்குங்கள், நேர் வெயிலில் −1.3 வரை இறக்குங்கள். அதிவெளிச்ச எச்சரிக்கையைப் போட்டுவைத்தால் வெளுத்த இடம் திரையில் மினுங்கும். மினுங்கல் நிற்கும்வரை குறையுங்கள். பறவைக்குப் பின்னால் வெறும் வானம் என்றால் கதையே வேறு, +1 வேண்டும். இந்த மாற்றத்தை மறந்தால்தான் பல நல்ல படங்கள் கெடுகின்றன. முடிந்தால் ரா (RAW) எனும் சுருக்கப்படாத கோப்பு வடிவில் எடுங்கள். கைப்பேசியில் பறவையைத் தொட்டு, சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும்.

வெள்ளை மார்பில் பிடிமானம் இல்லாமல் ஃபோகஸ் தடுமாறும். ஒற்றைப் புள்ளியைக் கருங்கண்ணில் வையுங்கள். ஷட்டர் வேகம், பறவை உட்கார்ந்திருந்தால் 1/500 நொடி, பறந்தால் 1/2000 நொடி. ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 3200 வரை தானியங்கியாக விடுங்கள். மேற்கு உங்கள் முதுகுப்பக்கம் இருக்க, மாலை 6 மணிக்கே நின்றுகொள்ளுங்கள். மரத்தடியில் கடித்துப்போட்ட சிறுகிளைகள் கிடந்தால் அதுவே அவற்றின் வழக்கமான கிளை. கிளையில் இறங்கும் நொடியில் கொண்டை விரியும், அதற்குத் தயாராக இருங்கள். நீங்கள் நெருங்கும்போது உடலை ஒடுக்கிக் கொண்டையைத் தூக்கினால் அது பயம், பின்வாங்குங்கள்.

தீனி போட வேண்டாம், பொந்து அருகே காத்திருக்கவும் வேண்டாம். சிறிய மஞ்சள் கொண்டை இனம் தன் தாயகத்திலேயே அருகிவிட்டது. யாராவது பிடிக்கப் பார்த்தால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் படர்கிறதே? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பூஞ்சணம். உள் கண்ணாடியில் இருப்பதைத் துடைக்க முடியாது, பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். இனி காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறு ஈரப்பத மானியும் போட்டு, 40–50 விழுக்காட்டில் வையுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே எடுத்தால், பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விட்டுவிடுங்கள்.