பென்னாகரம் ஏற்றத்தில் ஓயும் கால்கள்

வாசகர் கேள்வி – நலம் பதில்

கேள்வி: எனக்கு வயது 44. தருமபுரியில் அலுவலகப் பணியில் இருக்கிறேன். எடையைக் குறைப்பதற்காக ஓராண்டுக்கு முன் கியர் சைக்கிள் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் இருவருடன் அதிகாலையில் கிளம்பி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சென்று திரும்புவது வழக்கம். போகும்போது ஒரு சிரமமும் தெரிவதில்லை. திரும்பும்போது மலைப்பாதையில் பாதி ஏறுவதற்குள் தொடையில் பலம் போய்விடுகிறது. கை நடுங்குகிறது, கண் இருட்டிக்கொண்டு வருகிறது, உடன் வருபவர்கள்மேல் காரணமின்றி எரிந்து விழுகிறேன். கிளம்பும்முன் கடுங்காப்பி மட்டும் குடிப்பேன். இரவில் சோற்றை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் சுண்டலோடு முடித்துக்கொள்கிறேன். வழியில் தண்ணீர் நிறையக் குடிக்கிறேன். இரத்தப் பரிசோதனை, ஈசிஜி இரண்டும் சரியாக இருப்பதாக மருத்துவர் கூறிவிட்டார். இது வயதின் கோளாறா ஐயா?

பதில்: வயதின்மேல் பழி போட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் விடை ஏற்கெனவே இருக்கிறது: முந்தைய இரவு சுண்டல், காலையில் கடுங்காப்பி, அதன்பின் 90 கிலோமீட்டர்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் மிதித்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 500 கிலோகலோரி செலவாகும். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர் என்பதால், போய்த் திரும்ப நான்கரை, ஐந்து மணி நேரம் மிதிக்கிறீர்கள். அதாவது 2,300 முதல் 2,500 கிலோகலோரி வரை எரிக்கிறீர்கள். உடலில் மாவுச்சத்து கிளைக்கோஜன் என்னும் வடிவில் தசைகளில் 400 கிராம் அளவுக்கும், கல்லீரலில் 100 கிராம் அளவுக்கும் சேமிக்கப்படுகிறது. ஒரு கிராமுக்கு 4 கிலோகலோரி என்று வைத்தால், நன்றாகச் சாப்பிட்டிருக்கும் நாளிலும் கையிருப்பு 2,000 கிலோகலோரிதான். மீதியைக் கொழுப்பு ஈடுகட்டும். ஆனால் கொழுப்பு மெதுவாக எரியும் எரிபொருள். சமதரையில் நிதானமாக மிதிக்கும்போது அது கைகொடுக்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதிக்கும்போது தசை மாவுச்சத்தைத்தான் கேட்கும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. தசையில் உள்ள கிளைக்கோஜன் அந்தத் தசைக்கு மட்டுமே பயன்படும். இரத்தத்துக்குச் சர்க்கரையாகத் திரும்பி வராது. மூளைக்கு வேண்டிய சர்க்கரையைச் சீராக அனுப்பிக்கொண்டிருப்பது கல்லீரல்தான், அதன் கையிருப்போ இரவு உறக்கத்திலேயே கணிசமாகக் கரைந்துவிடுகிறது. இரவு உணவிலும் மாவுச்சத்தைக் குறைத்து, காலையிலும் வெறும் வயிற்றோடு கிளம்பினால், மலைப்பாதையின் நடுவில் அந்தக் கிண்ணம் காலியாகிறது. கை நடுக்கம், கண் இருட்டு, நண்பர்கள்மேல் வரும் எரிச்சல் எல்லாம் மூளையின் பசிதான். (அவர்களிடம் மன்னிப்புக் கேட்கும்போது இதைச் சொல்லிக்கொள்ளலாம்.)

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1924-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்களின் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர்கள், தள்ளாடிச் சோர்ந்து வந்தவர்களிடம் சர்க்கரை அளவு வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு ஓட்டக்காரர்களை முந்தைய நாளே மாவுச்சத்து கூடுதலாகச் சாப்பிட வைத்து, ஓடும்போது மிட்டாயும் கொடுத்துப் பார்த்தபோது அந்தத் தள்ளாட்டம் வரவில்லை.

ஆகவே சனிக்கிழமை இரவு சோற்றை விலக்காதீர்கள். சோறு பிடிக்காவிட்டால் நம் ஊர்க் கேழ்வரகுக் களியே போதும். நூறு கிராம் கேழ்வரகு மாவில் 70 கிராமை ஒட்டி மாவுச்சத்து இருக்கிறது. கீரைக் கடைசலோடு ஒரு உருண்டை களி, இரவுக்கு மிக நல்ல உணவு. ஆனால் அதையே விடியற்காலையில் உண்டுவிட்டு சைக்கிளில் ஏறினால் நார்ச்சத்து வயிற்றில் கல்லாக நிற்கும்; கொள்ளுக் கடைசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூன்று நான்கு இட்லி, அல்லது ஒரு பெரிய டம்ளர் கேழ்வரகுக் கூழும் ஒரு வாழைப்பழமும் எடுத்துக்கொள்ளுங்கள். கடுங்காப்பியை விட வேண்டியதில்லை, அதை மட்டுமே நம்பக் கூடாது என்பதுதான்.

வழியில் எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மிதிப்பவர்களுக்கு ஒரு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் இருக்கும். நான்கைந்து பேரீச்சம்பழமும் ஏறக்குறைய அவ்வளவே. கடலை மிட்டாயில் பாதி வேர்க்கடலை என்பதால் கொழுப்பு சேர்ந்து மெதுவாகச் செரிக்கும். பயணத்தின் முதல் பாதிக்கு அது நல்லது, கண் இருட்டும் நேரத்தில் உதவாது. அந்த நேரத்துக்கு வெல்லம், கமர்கட், குளுக்கோஸ், ஒரு டம்ளர் கரும்புச் சாறு ஆகியவைதான். சில ஆண்டுகளுக்கு முன் ராயக்கோட்டைச் சாலையில் இதே நிலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு பெட்டிக்கடைப் பலகையில் உட்கார்ந்தேன். கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கண்ணாடிக் குடுவையைத் திறந்து இரண்டு கமர்கட்டை நீட்டினார். கால் மணி நேரத்தில் ஊர் மறுபடி நிறத்தோடு தெரிந்தது. அந்த நிலைக்குப் போகும்முன்பே சாப்பிட்டிருக்க வேண்டும் என்பதை அன்று வயிறு எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

உங்கள் பாதைக்கென்று ஒரு யோசனை. பென்னாகரத்தில் நின்று, பசிக்காவிட்டாலும் ஏதாவது சாப்பிடுங்கள். அதற்குப் பிறகு இறக்கம் என்பதால் களைப்பு உங்களை ஏமாற்றும். கீழே ஒகேனக்கலில் திரும்புவதற்கு அரை மணி முன்னதாக மறுபடி இட்லியோ பழமோ உண்டுவிட்டு, ஏற்றத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வாய் வெல்லத் தண்ணீர் குடியுங்கள். மலைப்பாதையில் நின்று வாழைப்பழத்தை உரிக்க வேண்டாம். அங்கே உங்களைவிடப் பசியோடு குரங்குகள் காத்திருக்கின்றன; பழத்தோடு கைப்பையும் போய்விடும்.

நிறையத் தண்ணீர் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வியர்வையில் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் வெளியேறும்போது வெறும் தண்ணீரை மட்டும் மேலும் மேலும் ஊற்றினால், இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், குழப்பம் வரை போகலாம். தாகத்துக்கு ஏற்றவாறு குடியுங்கள்; இரண்டு குடுவைகளில் ஒன்றில் உப்புப் போட்ட மோரோ ஓஆர்எஸ் கரைசலோ இருக்கட்டும். இளநீர் இனிமையானதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஒரு காயின் சர்க்கரையும் ஒரு வாழைப்பழத்தில் பாதிக்கும் குறைவே. இன்னொன்று: தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதால்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. வழியோர ஆழ்குழாயில் குடுவையை நிரப்புவதைத் தவிருங்கள். கொதிக்க வைத்தாலும் புளோரைடு போகாது.

எடை குறைய வேண்டும் என்றால், அதைச் சைக்கிள் ஏறாத நாட்களின் தட்டில் குறைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்னபடி மூன்று நான்கு வாரம் உண்டு பார்த்தும் சோர்வு மாறாவிட்டால், அல்லது ஏற்றத்தில் நெஞ்சு இறுக்கமோ இயல்புக்கு மீறிய மூச்சுத்திணறலோ வந்தால், முந்தைய ஈசிஜியை நம்பி இருந்துவிடாமல் இதய மருத்துவரைப் பார்த்து, மிதித்துக்கொண்டே எடுக்கும் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் கிருஷ்ணகிரியில் கல்லூரியில் படிக்கும் மாணவி, வயது 20. தோழியுடன் தினமும் காலையில் அணை வரை சைக்கிளில் போய் வருகிறேன்; பதினைந்து கிலோமீட்டர்கூட வராது. சில மாதங்களாக மாடிப்படி ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது. இரவு உணவைத் தவிர்த்துவிடுகிறேன். உங்கள் கேள்வி-பதில் பகுதியில் வழக்கமாகச் சொல்வதுபோல வாழைப்பழம் சாப்பிட்டும் பயனில்லை.

பதில்: பயன் இருக்காது, மகளே. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்கு வழியில் எதுவும் உண்ணத் தேவையில்லை. மாடிப்படியிலேயே வரும் படபடப்பு வேறு சங்கதி. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21-இன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. முதலில் ஹீமோகுளோபினையும் ஃபெரிட்டினையும் சோதித்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் என்றால் இரத்தச்சோகை. அது சரியாக இருந்து ஃபெரிட்டின் 15-க்குக் கீழ் இருந்தால், இரும்புச்சத்தின் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். அறிக்கையோடு மருத்துவரைப் பார்த்து மாத்திரையைத் தொடங்குங்கள்.

சாப்பிட்டவுடன் தேநீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். தேநீரின் டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கேழ்வரகிலும் கீரையிலும் உள்ள இரும்பு எளிதில் உடலில் சேராது. கூடவே வைட்டமின் சி வேண்டும். தகடூர் அதியமான் அவ்வைக்குக் கொடுத்த நெல்லிக்கனி இந்த வேலைக்கும் பொருந்தும்: களியோடு ஒரு நெல்லிக்காய்.

மாதவிலக்கு தள்ளிப்போகிறதா, நின்றிருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். செலவழிக்கும் அளவுக்கு உண்ணாத பெண்களுக்கு மாதவிலக்கு நின்று, எலும்பும் வலுவிழக்கிறது என்று பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் மருத்துவக் குழு 2014-இல் தனி அறிக்கையே வெளியிட்டது. இரவு உணவை இன்றே தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். வயது 58, சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரை எடுக்கிறேன். நானும் காலையில் வெறும் வயிற்றில் சைக்கிள் ஓட்டலாமா?

பதில்: வெறும் வயிற்றில் வேண்டாம். உங்கள் மாத்திரை இன்சுலினைச் சுரக்க வைப்பது. அதோடு மிதிக்கவும் செய்தால் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். கிளம்பும்முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 90-க்குக் கீழ் இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ உண்டுவிட்டுப் புறப்படுங்கள். சட்டைப் பையில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைப் பொட்டலமாக மடித்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வியர்த்து நடுங்கினால் சைக்கிளை நிறுத்தி அதை வாயில் போட்டுக்கொண்டு, பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, மறுபடி சோதித்துப் பார்த்து 70-க்கு மேல் ஏறியபின்பே எழுந்திருங்கள். மாத்திரையின் அளவை மாற்றுவது மட்டும் உங்கள் மருத்துவரின் வேலை.