மெருகுக்குப் போன வளையல்

கேள்வி: கணவரின் வேலை காரணமாகப் போன வருடம் கோயம்புத்தூரிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தோம். மகன் இங்கே ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஊரில் ஆங்கிலத்தில் தொண்ணூறுக்குக் கீழே வாங்கியதே இல்லை. டென்ஸ், வாய்ஸ், ரிப்போர்ட்டட் ஸ்பீச் எதையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். இங்கே ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலை நடத்துகிறார்கள். கதை சொல்லும் சிறுமி ஸ்கவுட்டை எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஒரு கட்டுரை. நாலு பக்கம் எழுதினான். ‘கதைச் சுருக்கம்தான் இருக்கிறது, கேள்விக்குப் பதில் இல்லை’ என்று டீச்சர் ‘சி’ போட்டுவிட்டார். நாவலில் ஒருவர் தப்பான ஆங்கிலம் பேசுகிறார் என்று அதைத் திருத்தி மேற்கோள் காட்டியிருக்கிறான். அதற்கும் சிவப்பு மை. கிராமர் பயிற்சியிலும் நாவலின் வாக்கியங்களையே மாற்றி எழுதச் சொல்லி, ‘மாற்றியதால் என்ன ஆனது?’ என்று கேட்கிறார்கள். மாற்றிவிடுகிறான். என்ன ஆனது என்று கேட்டால் விழிக்கிறான். டியூஷன் வைக்கலாமா? தமிழ் மீடியத்தில் படித்த நான் சொல்லிக்கொடுக்கப் போய்க் குழப்பிவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. கதையில் கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் ஒரு சொல் வருகிறது, அதை வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்வார்களோ என்றும் மகன் தவிக்கிறான்.

- பெயர் வேண்டாம், நியூ ஜெர்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டியூஷன் வேண்டாம். மகனுக்குக் கிராமர் நன்றாகத் தெரியும். அது எதற்கு என்பதை இதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான். முப்பது வருடம் ஆங்கிலப் பாடம் நடத்தியவள் நான். ‘இந்த வாக்கியத்தை பாசிவ் வாய்ஸில் மாற்று’ என்று ஆயிரக்கணக்கான தடவை சொல்லியிருக்கிறேன். மாற்றினால் அர்த்தத்தில் என்ன மாறுகிறது என்று கேட்டது மிகக் குறைவு. உங்கள் மகனின் டீச்சர் அதைக் கேட்கிறார். நல்ல டீச்சர் கிடைத்திருக்கிறார்.

ஒரு கதை சொல்கிறேன். எனக்கு அப்போது ஏழு வயது. ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி பிடித்த கையில் எப்போதும் கேட்கும் சத்தம் கேட்கவில்லை. பார்த்தால் வளையல் இரண்டும் இல்லை. “வளையல் எங்கேம்மா?” என்றேன். “மெருகு போடக் கொடுத்திருக்கேன். புதுசு மாதிரி வரும்” என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் புதுப் பையும் புது நோட்டுமாகப் பள்ளிக்குப் போய், எங்கள் அம்மாவின் வளையலுக்கு மெருகு போடுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவளிடம் பெருமையாகச் சொன்னேன். அறுவடை முடிந்து தை மாதம்தான் வளையல் வீடு திரும்பியது. அதில் புது மினுக்கம் ஒன்றும் இல்லை. “மெருகே போடலையேம்மா” என்று கேட்டதும் நினைவிருக்கிறது. அம்மா பதில் சொல்லாமல் என் தலையைத் தடவினாள்.

இதில் ‘அடகு’ என்ற சொல்லை நான் எங்குமே சொல்லவில்லை. ஆனாலும் ‘புது நோட்டு’ என்ற இடத்திலேயே உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். அந்த ஏழு வயதுப் பெண் பொய் சொல்லவில்லை. பார்த்ததை, கேட்டதை அப்படியே சொல்கிறாள். அவள் பார்த்தது அவளுக்குத் தெரிந்ததைவிடப் பெரிது. அவள் தலைக்கு மேலே, உங்களுக்கும் எனக்கும் நடுவில் இன்னொரு பேச்சு நடக்கிறது. ஸ்கவுட்டின் கதை முழுக்க இப்படித்தான் நடக்கிறது. இது பிடிபட்டால் மகனின் கட்டுரையில் பாதி முடிந்த மாதிரி.

நாவலில் சிறை வாசல் காட்சி வருகிறது, பதினைந்தாம் அத்தியாயம். அதை மட்டும் மகனைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். 1930களில் அலபாமா மாநிலத்தில் மேகோம்ப் என்ற கற்பனை ஊர். செய்யாத குற்றத்துக்காக டாம் ராபின்சன் என்ற கறுப்பின மனிதர் சிறையில் இருக்கிறார். அவருக்காக வாதாடப்போகும் வழக்கறிஞர் ஆட்டிகஸ், ஸ்கவுட்டின் அப்பா. இரவில் சிறை வாசலில் நாற்காலி போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பல்பு வெளிச்சத்தில் பேப்பர் படித்துக்கொண்டு காவல் இருக்கிறார். கார்களில் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். டாமை இழுத்துப்போய்க் கொல்ல வந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஸ்கவுட்டுக்குத் தெரியாது. கூட்டத்துக்குள் ஓடி நுழைந்தவள் தெரிந்த முகம் ஒன்றைப் பார்க்கிறாள். கூடப் படிக்கும் வால்டரின் அப்பா கன்னிங்ஹாம். யாரிடம் பேசினாலும் அவர்களுக்கு அக்கறையுள்ள விஷயத்தைப் பேசவேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் அவருடைய நிலத்து வில்லங்கம் என்ன ஆயிற்று என்று விசாரிக்கிறாள். வால்டரைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்கிறாள். எல்லோரும் வாயடைத்து நிற்பதைப் பார்த்து, தான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டோமோ என்று அவளுக்கு வேர்க்கிறது. கன்னிங்ஹாம் குனிந்து அவள் தோளைப் பிடித்து, மகனிடம் சொல்கிறேன் என்கிறார். அப்புறம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டு, மரியாதையாகப் பேசினோமா இல்லையா என்று கவலைப்படுகிறாள் அந்தக் குழந்தை. எத்தனை முறை நடத்தியிருந்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இனி கட்டுரைக்கு வருவோம். ஸ்கவுட்டை நம்பலாமா என்ற கேள்வியை ‘அவள் பொய் சொல்கிறாளா’ என்று மகன் எடுத்துக்கொண்டிருப்பான். இல்லை என்று ஒரு வரியில் பதில் முடிந்துவிட்டதால், மிச்சப் பக்கங்களைக் கதையால் நிரப்பியிருப்பான். எதை நம்பலாம், எதை நம்பமுடியாது என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணால் கண்டதைச் சொல்வதில் அவளை முழுக்க நம்பலாம். அதற்கு அவள் சொல்லும் காரணங்களை நாம்தான் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. இதில் ஸ்கவுட் இரண்டு பேர். கதை தொடங்கும்போது சிறுமிக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை, முடியும்போது ஒன்பதை நெருங்குகிறாள். ஆனால் வாக்கியங்கள் ஆறு வயதுக் குழந்தையுடையவை அல்ல. வளர்ந்து பெரியவளான ஜீன் லூயிஸ் (ஸ்கவுட்டின் இயற்பெயர்) திரும்பிப் பார்த்துச் சொல்கிறாள். கண் குழந்தையுடையது, வாய் பெரியவளுடையது. முதல் வாக்கியமே அண்ணன் ஜெம்மின் கை உடைந்ததைச் சொல்கிறது. எப்படி உடைந்தது என்று கிட்டத்தட்டக் கடைசியில்தான் தெரியவருகிறது. முடிவு தெரிந்த ஒருத்தியால்தான் அப்படித் தொடங்க முடியும்.

கிராமர் பயிற்சி உதவிக்கு வருவது இங்கேதான். நீங்கள் உட்கார வேண்டியதும் இங்கேதான். உங்கள் தமிழ் இதற்குத் தாராளமாகப் போதும்.

பழைய நாட்களில் வழக்கமாகச் செய்ததைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘வுட்’ போடுவார்கள். ஸ்கவுட் கோடைக்கால விளையாட்டுகளைச் சொல்லும்போது கவனித்துப் பாருங்கள். ‘வில்’லின் இறந்தகாலம் என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இது புரியாது. நீங்கள் சொல்லுங்கள்: “சின்ன வயசில் லீவு விட்டா ஆத்துக்குப் போவோம், குளிப்போம், மாங்காய் அடிப்போம்.” போவோம், குளிப்போம் எல்லாம் எதிர்கால வினை. ஆனால் பேசுவது என்றைக்கோ முடிந்துபோன காலத்தை. ஆங்கிலத்தில் ‘வுட்’ செய்யும் வேலையை நம் அம்மாக்களும் பாட்டிகளும் தினமும் செய்கிறார்கள். அதேபோல ‘கொடுத்தாள்’, ‘கொடுத்திருந்தாள்’ இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவனுக்குத் தமிழில் ரத்தத்தில் ஊறியது. ‘கொடுத்திருந்தாள்’ என்றால் அதற்குப் பிறகு நடந்த ஒன்றில் நின்றுகொண்டு பின்னால் பார்க்கிறோம். அதுதான் பாஸ்ட் பர்ஃபெக்ட். நாவலில் இந்த ‘ஹேட்’ வரும் இடங்களில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். பல இடங்களில் திரும்பிப் பார்க்கும் அந்தப் பெரியவள் பிடிபடுவாள்.

ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில் மட்டும் தமிழ் கொஞ்சம் காலை வாரும். “நாளைக்கு வர்றேன்னு சொன்னான்” என்று சொன்னவன் வார்த்தையை அப்படியே வைத்து ‘என்று’ சேர்த்துவிடுகிறோம். காலமும் மாறாது, ‘நான்’ ‘அவன்’ ஆகவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆங்கிலத்தில் எல்லாம் ஒரு படி பின்னால் போகும். விதி அவனுக்குத் தெரியும். சிறை வாசலில் ஸ்கவுட் பேசுவதை இப்போது மாற்றட்டும். ‘நிலத்து வில்லங்கம் பற்றி அவரிடம் விசாரித்தாள்’ என்று வரும். தயங்கித் தயங்கி, சொன்னதையே வேறு மாதிரி சொல்லிப் பார்த்த அந்தக் குழந்தை எங்கே? காணோம். டீச்சர் கேட்ட ‘என்ன ஆனது’ என்பதற்குப் பதில் இதுதான்.

அடுத்து, அதே காட்சியில் ‘ஐ’ வரும் இடமெல்லாம் ‘ஷி’ போட்டு எழுதட்டும். எட்டாவது வரிக்குள் சிக்கல் வந்துவிடும். வந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்று ‘அவளுக்கு’த் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ‘அவள்’ என்று எழுதும் ஆளுக்குத் தெரியாதா? தெரிந்தும் மறைப்பது போல ஆகிவிடும். ‘நான்’ என்று குழந்தை சொன்னால்தான் தெரியாமை நேர்மையாக இருக்கிறது. நாவலை எழுதிய ஹார்ப்பர் லீயே இந்தப் பயிற்சியைப் பெரிய அளவில் செய்தவர்தான். அவர் முதலில் எழுதிய கையெழுத்துப் பிரதியில் ஜீன் லூயிஸுக்கு 26 வயது, கதையும் ‘அவள்’ என்றே போகிறது. பதிப்பகத்தில் இருந்த டே ஹோஹாஃப் என்ற பெண் ஆசிரியர் குழந்தைப் பருவத்தின் பக்கம் அவரைத் திருப்பினார். பல முறை திருத்தி எழுதிய பிறகுதான் 1960இல் ‘மாக்கிங்பேர்ட்’ வந்தது. அடுத்த வருடம் புலிட்சர் பரிசு. அந்தப் பழைய பிரதி 2015இல் ‘கோ செட் எ வாட்ச்மேன்’ என்ற பெயரில் அச்சானது. இரண்டிலும் பத்துப் பக்கம் வாசித்தாலே ‘ஐ’ என்ற ஒரு சொல் என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும்.

சிவப்பு மை விஷயம். திருத்தியது தப்புதான், ஆனால் அவன் ஏன் திருத்தினான் என்று எனக்குப் புரிகிறது. இரண்டு ‘இல்லை’ போட்ட வாக்கியத்தையும் ‘எய்ன்ட்’டையும் பார்த்தால் நம் பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும். மேற்கோள் குறிக்குள் இருப்பது பாத்திரத்தின் சொத்து, ஒரு எழுத்தைக்கூடத் தொடக்கூடாது. குறிக்கு வெளியே எழுதுவது இவனுடையது, அங்கே கிராமர் சுத்தமாக இருக்கவேண்டும். இதைக் கல்பூர்னியாவை வைத்தே விளக்கலாம். ஸ்கவுட் வீட்டில் வேலை பார்க்கும் கறுப்பினப் பெண் அவர். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பிள்ளைகளைத் தன் சர்ச்சுக்குக் கூட்டிப் போகிறார். அங்கே தன் மக்களிடம் அவர் வேறு மாதிரி பேசுகிறார். சரியான ஆங்கிலம் தெரிந்தும் ஏன் இப்படி என்று ஸ்கவுட் கேட்கிறாள். உங்கள் வீட்டில் பேசும் ஆங்கிலத்தை இங்கே பேசினால் பொருந்தாது, தெரிந்ததையெல்லாம் காட்டிக்கொள்ளவும் வேண்டாம் என்கிற மாதிரி பதில் சொல்கிறார். மகன் வீட்டுக்குள் நுழையும்போது “அம்மா, நான் வந்துவிட்டேன்” என்றா சொல்கிறான்? “வந்துட்டேம்மா” என்றுதானே. பரீட்சையில் ‘வந்துவிட்டேன்’ என்று எழுதுகிறான். இரண்டுமே சரியான தமிழ். கல்பூர்னியா செய்வதும் அதுதான்.

அந்த அத்தியாயத்தில் இன்னொன்றும் கிடைக்கும். கல்பூர்னியாவுக்குத் தங்கள் வீட்டுக்கு வெளியே ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் ஸ்கவுட்டுக்குத் தெரிகிறது. அப்படியானால் இத்தனை நாள் அவள் பார்க்காமல் விட்டது எவ்வளவு? டாம் ராபின்சனின் மனதுக்குள் நாம் ஒருமுறையாவது போகிறோமா? வெள்ளைக்காரச் சிறுமியின் கண்ணுக்கு எட்டாதது கதைக்கும் எட்டவில்லை. நாவலை மிகவும் நேசிப்பவள் நான். ஆனாலும் இந்தக் குறை உண்மை. மகன் இதை எழுதினால் டீச்சர் நிமிர்ந்து உட்காருவார்.

அவன் பயப்படும் அந்தச் சொல்லை அவன் வாசிக்க வேண்டியதில்லை. வகுப்புக்கு முன்னாலேயே டீச்சரிடம் போய், “அந்தச் சொல் வரும்போது விட்டுவிட்டு வாசிக்கட்டுமா?” என்று கேட்கட்டும். கூச்சமாக இருந்தால் நீங்கள் ஒரு மெயில் போடுங்கள். ஸ்கவுட் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவள் அப்பாவே சொல்லாதே என்று தடுக்கிறார். நாவலில் இருப்பதுதான், அதையும் மெயிலில் குறிப்பிடலாம்.

சின்னதாக இரண்டு விஷயம். கட்டுரையில் ‘ஸ்கவுட் சொன்னாள், போனாள்’ என்று எழுதாமல் ‘சொல்கிறாள், போகிறாள்’ என்று நிகழ்காலத்தில் எழுதவேண்டும், இங்கே அதுதான் வழக்கம். ஸ்கவுட் நினைப்பதை ‘ஹார்ப்பர் லீ நினைக்கிறார்’ என்றும் எழுதக்கூடாது.

இந்த சனிக்கிழமை அவனை அடுப்படியில் பக்கத்தில் உட்காரவைத்து, உங்கள் சின்ன வயதில் அப்போது புரியாமல் பிறகு புரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். எல்லோரிடமும் ஒன்றாவது இருக்கும். அதை அவன் ஆங்கிலத்தில், அந்தச் சின்னப் பெண்ணாகவே, ‘ஐ’ போட்டு ஒரு பக்கம் எழுதட்டும். பிறகு புரிந்தது என்ன என்று மட்டும் எழுதக்கூடாது. அதற்கப்புறம் கட்டுரையைத் திருத்த உட்காரட்டும். அந்த ஒரு பக்கத்தை எனக்கு அனுப்பிவைக்க முடிந்தால் அனுப்புங்கள், ஆசையாக வாசிப்பேன்.