காதல் பொருத்தம் பற்றி மேற்படிப்பு படிக்கலாமா?

உளவியல் இளங்கலை முடிக்கப் போகிறீர்கள், காதலும் ஜோடிப் பொருத்தமும் பற்றி மேற்கொண்டு படிக்க ஆசை, சிங்கப்பூரில் அதற்கு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. ‘காதல்’ என்ற பெயரில் பட்டம் இருக்காது. சமூக உளவியலுக்குள் நெருங்கிய உறவுகளை ஆராயும் ஒரு பிரிவு இருக்கிறது, அதில்தான் நான் இங்கே ஆய்வு முதுகலை முடித்தேன். இங்குள்ள பல்கலைக்கழகங்களில் என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்), என்டியு (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்), எஸ்எம்யு (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்) மூன்றிலும் உளவியலில் ஆய்வுப் பட்டம் தருகிறார்கள். துணை தேடும்போது மனிதர்கள் எதை அவசியமாக நினைக்கிறார்கள், எதை ஆடம்பரமாக நினைக்கிறார்கள் என்று ஆராய்ந்த நார்மன் லீ, எஸ்எம்யு பேராசிரியர். ஆனால் தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்வதுதான் உங்கள் ஆசை என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள். அதற்கு ஆலோசனைத் துறை முதுகலை தனியாக இருக்கிறது.

நான் சேர்ந்தபோது பெரியம்மா கேட்டார்: “அப்ப இனிமே பொருத்தம் பாக்க உங்கிட்டயே வரலாமா?” நல்ல கேள்வி. நம் பத்துப் பொருத்தமும் ஜோடி தேடித் தரும் கைப்பேசிச் செயலியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டு பேரைத் தனித்தனியாக அளந்து, பிறகு பக்கத்தில் வைத்துப் பார்க்கின்றன. உளவியலாளர்கள் சமந்தா ஜோயல், பால் ஈஸ்ட்விக், ஈலை ஃபிங்கல் மூவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் சோதித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் நான்கு நிமிடம் சந்தித்துப் பேசினார்கள். அதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் குணம், விருப்பம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட அளவுகளை எடுத்திருந்தார்கள். அந்த அளவுகளை வைத்து, பொதுவாக யாரைப் பலருக்கும் பிடிக்கும் என்பதைக் கணினி ஓரளவு சொன்னது. இன்னாருக்கு இன்னாரைக் குறிப்பாகப் பிடிக்குமா என்பதை அதனால் சொல்லவே முடியவில்லை.

ஏற்கெனவே ஜோடியானவர்கள் விஷயம் வேறு. 2020இல் ஜோயல் குழுவினர் 43 தரவுத் தொகுப்புகளை, 11,196 ஜோடிகளை ஒன்றாக அலசினார்கள். ஒருவரின் குணத்தைவிட, ‘இவர் என்னை விட்டுப் போகமாட்டார்’ என்ற நம்பிக்கையும், ‘என் அருமை இவருக்குத் தெரியும்’ என்ற எண்ணமும், பாலுறவுத் திருப்தியும், எவ்வளவு சண்டை என்பதும்தான் உறவின் நிறைவை அதிகம் காட்டிக்கொடுத்தன. ஆனால் நிறைவாக இருப்பவர் கண்ணுக்கு எல்லாமே நல்லதாகத்தானே தெரியும்? எது முதலில் வந்தது என்பது இன்னும் தீராத கேள்வி. என்னை இந்தத் துறையில் பிடித்து உட்கார வைத்தது அதுதான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜான் காட்மன் தம்பதிகளைப் படம்பிடித்து, அவர்கள் பேசியதை நொடிக்கு நொடி குறித்தார். ஒருவர் சின்னதாக ஏதோ சொல்லி மற்றவரின் கவனத்தைக் கூப்பிடுகிறார். மற்றவர் திரும்புகிறாரா, கண்டுகொள்ளாமல் விடுகிறாரா, எரிந்து விழுகிறாரா என்று குறிக்க வேண்டும். நானும் அந்த முறையைப் பழகினேன். ஒரு நாள் முழுக்கக் குறித்துவிட்டு ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தேன். சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அப்பா சன்னலோரம் நின்று, “வானம் கறுக்குது பாரு” என்றார். அம்மா குழம்பு அடுப்பைச் சின்னதாக்கி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். “ஆமா, மழைதான்.” அவ்வளவுதான். பிறகு இரண்டு பேருமாகக் கழியை உள்ளே இழுத்தார்கள். பல வருடமாக என் கண்முன்னே நடந்துகொண்டிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புள்ளியியலுக்குப் பயந்து பின்வாங்காதீர்கள், ஆனால் தயாராக வாருங்கள். கணவன் சொல்வதும் மனைவி சொல்வதும் ஒன்றோடொன்று பின்னியவை, தனித்தனி ஆட்களாக எண்ணினால் கணக்கே தவறாகிவிடும். ஜோடிகளுக்கான கணக்கு முறையைக் கற்கவே எனக்கு ஒரு பருவம் போனது.

விண்ணப்பத்தில் ‘காதலைப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்’ என்று எழுதுவதைவிட ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். இந்த ஊரிலேயே ஒன்று காத்துக் கிடக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே பிடிஓ வீட்டுக்கு, அதாவது பதிவு செய்த பிறகு கட்டித் தரும் அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு, சேர்ந்து விண்ணப்பிக்கிறோம். வீடு தேர்ந்தெடுக்க வரிசை எண் கிடைத்து, வீடு எழும்ப வருடக்கணக்கில் காத்திருக்கிறோம். சாவி வாங்கி மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழ் காட்ட வேண்டும். உளவியலாளர்கள் ஸ்காட் ஸ்டான்லியும் ஹவர்ட் மார்க்மனும் 1992இல் உறவின் பிடிப்பை இரண்டாகப் பிரித்தார்கள்: மனம் விரும்பி நிற்பது ஒன்று, விலகினால் இழப்பு என்பதால் நிற்பது மற்றொன்று. அந்த வரிசை எண் கையில் இருக்கும் ஜோடி இதில் எதனால் நிற்கிறது? காத்திருக்கும் வருடங்களில் ஒன்று மற்றொன்றாக மாறுகிறதா?

இதை எடுத்துக்கொண்டு ஒரு பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தமிழ் ஜோடிகளை ஆய்வுக்குச் சேர்ப்பது கஷ்டம், வீட்டு விஷயத்தை வெளியே சொல்லத் தயங்குவார்கள். அந்த வேலைக்கு நான் கூட வருகிறேன்.