நிறுத்த வேண்டியது மாத்திரையை அல்ல

கேள்வி: என் மனைவிக்கு ஓ.சி.டி. (வேண்டாத சந்தேகம் விடாமல் வந்து, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டும் மனநோய்). படுக்கப் போனபின் 'கேஸை மூடினோமா?' என்று இருபது முறையாவது கேட்கிறாள். நானும் பொறுமையாக எழுந்துபோய்ப் பார்த்துச் சொல்கிறேன். மூன்று வாரமாக மாத்திரை சாப்பிட்டும் பலனில்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது. ஓ.சி.டி.க்குத் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் வேலை செய்கின்றனவா என்று சொல்லவே 8 முதல் 12 வாரம் ஆகும். மனச்சோர்வுக்குத் தருவதைவிட அதிக அளவும் பெரும்பாலும் தேவைப்படும். நீங்களாக நிறுத்தினால் தலைசுற்றலாம், தூக்கம் கெடலாம், நோய் முற்றலாம்.

நிறுத்த வேண்டியது நீங்கள் எழுந்துபோய்ப் பார்த்துச் சொல்வதை. 'மூடியிருக்கு' என்றதும் அவருக்குப் பதற்றம் தணிகிறது. அப்படித் தணிவதாலேயே அடுத்த சந்தேகத்துக்கும் உங்களைக் கேட்கத் தோன்றுகிறது. சரிபார்ப்பதால் தெளிவும் வருவதில்லை. 2003-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், இந்த நோய் இல்லாத மாணவர்களையே கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைத்தார்கள். அவர்களுக்கு நினைவு பிசகவில்லை. அந்த நினைவின் தெளிவும் அதன் மேல் இருந்த நம்பிக்கையும்தான் சரிந்தன. உங்கள் மனைவி இருபதாவது முறை கேட்பதும் அதனால்தான்.

அதற்காக இன்றிரவே வாயை மூடிக்கொள்ளாதீர்கள், அது தண்டனையாகிவிடும். பகலில், பதற்றமில்லாத நேரத்தில் அவரோடு உட்கார்ந்து பேசி, அவர் சம்மதத்தோடு ஒரு வாக்கியத்தை முடிவு செய்யுங்கள்: 'இது ஓ.சி.டி. கேட்கிற கேள்வி, பதில் சொல்ல மாட்டேன். உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியும், பக்கத்திலேயே இருக்கேன்.' எரிச்சலில்லாமல் சொல்ல வேண்டும்.

கூடவே இ.ஆர்.பி. (அச்சம் தரும் சூழலைப் படிப்படியாக எதிர்கொண்டு, சரிபார்க்காமல் இருக்கப் பழகுவது) பயிற்சி தெரிந்த உளவியலாளரைப் பாருங்கள். அச்சம் தரும் சூழல்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு, 30, 40 உள்ளதில் தொடங்குவார்கள். பகலில் ஒருமுறை அடுப்பை அணைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுத்த அறைக்குப் போவது அப்படி ஒரு படியாக இருக்கலாம். எடுத்த எடுப்பில் 90-ஐத் தொட்டால் பலர் பயிற்சியையே விட்டுவிடுகிறார்கள். பதற்றம் பூஜ்யமாக வேண்டும் என்பதில்லை. அது இருக்கும்போதே சரிபார்க்காமல் இருப்பதுதான் பயிற்சி.

இங்கே நோய் மாறுவேடம் போடும், கவனியுங்கள். அடுப்பைப் போனில் படமெடுத்து வைப்பது, அணைத்த காட்சியை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது, பிள்ளையிடம் கேட்பது, 'கேஸ் வாசனை வருதா?' என்று சுற்றி வளைப்பது எல்லாம் அதே சரிபார்த்தல்தான். என்றாவது அசந்துபோய் 'மூடியாச்சு' என்று சொல்லிவிட்டால் பதறாதீர்கள், அடுத்த கேள்விக்கு அந்த வாக்கியத்தையே சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை அவர் வெளிப்படுத்தினால் மட்டும் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.