கிப்பரிலிருந்து கர்சோக்குக்கு நடைப்பயணம்: முன்பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: நானும் என் மைத்துனரும் வரும் ஆகஸ்டில் இமாச்சலப் பிரதேசத்து ஸ்பிதியிலுள்ள கிப்பர் கிராமத்திலிருந்து பராங் லா கணவாயைக் கடந்து, லடாக்கில் த்சோ மோரிரி ஏரிக்கரையிலுள்ள கர்சோக் கிராமத்துக்கு நடந்து செல்ல விரும்புகிறோம். இருவரும் நாற்பதைக் கடந்தவர்கள். ஒரு நிறுவனம் பத்து நாளுக்குத் தலைக்கு 42,000 ரூபாய் கேட்கிறது. முதல் நாள் மணாலியிலிருந்து ஸ்பிதியிலுள்ள காசா ஊர், இரண்டாம் நாள் கிப்பர், மூன்றாம் நாள் நடை தொடக்கம். மற்றொரு நிறுவனம் சிம்லாவில் தொடங்கிப் பதினான்கு நாளுக்கு 58,000 ரூபாய் கேட்கிறது. எது லாபம்? ‘மைனஸ் 10 டிகிரி’ என்று போட்ட ஸ்லீப்பிங் பேக் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கூடுதலாகக் கொடுக்கும் 16,000 ரூபாய்க்கு உங்களுக்குக் கிடைப்பவை நான்கு நாள்கள். இந்தப் பயணத்தில் காசு கொடுத்து வாங்கத் தகுந்த முதல் பொருள் அதுதான் என்பது என் கருத்து.

கும்பகோணம் கடல் மட்டத்துக்குச் சில பத்து மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. மணாலி சுமார் 2,000 மீட்டர். காசா சுமார் 3,700 மீட்டர். இடையில் 4,551 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயை வேறு கடக்க வேண்டும். மூவாயிரம் மீட்டருக்கு மேல் சென்றபின், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஓய்வு நாள் வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் ஏற்கப்பட்ட வழிமுறை. மலிவான திட்டம் ஒரே பகலில் உங்களை 1,700 மீட்டர் ஏற்றிவிட்டு, மறுநாளே 4,200 மீட்டர் உயரத்திலுள்ள கிப்பரில் படுக்கவைக்கிறது. சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகக் கல்பா, தாபோ என்று தங்கித் தங்கிச் செல்லும் பாதையோ உடம்புக்குப் பழக அவகாசம் தருகிறது.

பராங் லாவின் உயரம் 5,500 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும் உயர நோயைப் பொருட்படுத்தாமல் மேலே ஏறினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொள்ளலாம். அதற்கு முதல் சிகிச்சை உடனே கீழே இறங்குவதுதான். ஆனால் கணவாயைத் தாண்டியபின் கர்சோக் வரையிலான பாதை ஏறக்குறைய 4,500 மீட்டருக்குக் கீழே இறங்குவதேயில்லை. ஆகவே உடம்பை உயரத்துக்குப் பழக்குவதைக் கிப்பரிலிருந்து நடையைத் தொடங்குமுன்பே முடித்துக்கொள்ள வேண்டும். உயர நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்டே எடுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மேடு பள்ளமில்லாத நம் ஊரில் பயிற்சிக்கு வழியில்லை என்று எண்ண வேண்டாம். எட்டுக் கிலோ ஆடுதுறை அரிசியை முதுகுப்பையில் கட்டிக்கொண்டு சுவாமிமலையின் அறுபது படிகளைக் கூட்டமில்லாத வேளையில் இருபது முறை ஏறி இறங்கிப் பாருங்கள். அது காலைப் பலப்படுத்தும். உயர நோயைத் தடுக்காது.

முன்பணம் கட்டுமுன் நாள்வாரித் திட்டம், வழிகாட்டியின் மலையேற்றப் பயிற்சிச் சான்று, ஆக்சிஜன் சிலிண்டர், நோயாளியை இறக்கும் ஏற்பாடு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். ரசீது தராதவரிடம் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். ஒப்புக்கொண்டதைச் செய்யாவிட்டால் அது சேவைக் குறைபாடு. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, அதாவது தஞ்சாவூரிலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம்.

ஸ்லீப்பிங் பேக் விஷயத்தில் ‘மைனஸ் 10’ என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஐ.எஸ்.ஓ. 23537 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி சோதித்த பையில் வசதியாகத் தூங்கும் வெப்பநிலை, தாங்கக்கூடிய எல்லை, உயிரை மட்டும் காக்கும் கடைசி நிலை என்று மூன்று எண்கள் தனித்தனியே இருக்கும். மலிவான பைகளில் கடைசி எண்ணைப் பெரிதாக அச்சிட்டு விற்பதுண்டு. முதல் எண் என்னவென்று கேட்டு, பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். ஒரே பயணத்துக்கென்றால் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

காலணியை மட்டும் வாடகைக்கு எடுக்கக் கூடாது. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் கடைக்குப் போய், மலையில் போடப்போகும் கம்பளிக் காலுறையையே அணிந்து, கயிற்றைக் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஓர் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால், நீண்ட இறக்கத்தில் கட்டைவிரல் நகம் கறுத்துப்போகும். இரண்டு மாதம் முன்பே வாங்கிப் பழக்குங்கள். வழியில் பாரே சூ ஆற்றை நடந்தே கடக்க வேண்டியிருப்பதால் வார்ச்செருப்பு ஒரு ஜோடி தனியே வேண்டும். பனி உருகி ஆறு பெருகுவது பிற்பகலில். காலையிலேயே கடந்துவிடும்படி திட்டம் உள்ளதா என்றும் பாருங்கள். பழுதான பொருளை, பில்லில் கெடு எதுவும் இல்லாதபோது முப்பது நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று மேலே சொன்ன நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

காப்பீட்டைப் பொறுத்தவரை, வழக்கமான மருத்துவ பாலிசிகளில் சாகச விளையாட்டு விலக்கு என்பது அதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கானது. ஆனால் மலையிலிருந்து கீழே கொண்டுவரும் செலவு வேறு கணக்கு. அதற்குத் தனிப் பாலிசி எடுப்பதானால் எத்தனை மீட்டர் உயரம் வரை பொருந்தும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுப் பட்டியலில் சோறு இருந்தால், பிரஷர் குக்கர் எடுத்துவருவார்களா என்றும் விசாரியுங்கள். 4,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 85 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், வெறும் பாத்திரத்தில் வைத்த அரிசி வேக வெகு நேரம் பிடிக்கும், நடுவில் அரிசியாகவே நிற்கவும் கூடும்.