கணக்கு எழுதுறதும் தேவ அழைத்தலா?

கேள்வி: பினாங்குல அக்கவுண்டிங் மூணாவது வருஷம் படிக்கிறேன்ண்ணா. கோயில் யூத் குரூப்ல "உன் வேலையும் தேவ அழைத்தல்தான்"னு சொல்றாங்க. ஃபாதரா போனாத்தானே அழைத்தல்?

பதில்: யார் சொன்னா தம்பி? கத்தோலிக்க ஆயருங்க கூடின இரண்டாம் வத்திக்கான் சங்கமே (1962-65) பொதுநிலையினரோட, அதாவது ஃபாதரோ சிஸ்டரோ ஆகாத சாதாரண விசுவாசிங்களோட, அழைத்தல் உலக வேலைக்குள்ளதான்னு சொல்லிடுச்சு. இயேசு சபையை ஆரம்பிச்ச புனித இஞ்ஞாசியார் 1521ல பீரங்கிக் குண்டு பட்டு கால் ஒடிஞ்சி படுத்திருந்தப்போ, எந்த நெனப்பு பின்னாடியும் சந்தோஷமா நிக்குது, எது வெறுமையாக்கிட்டுப் போவுதுன்னு கவனிச்சாரு பாரு, அதையே நீயும் செய், பிராக்டிக்கல் (வேலைப் பயிற்சி) முடிஞ்சி பஸ்ல வர்றப்ப ஃபோனைப் பையில போட்டுட்டு ஒரு பத்து நிமிஷம். சம்பளத்தையும் யோசி, பிடிபிடிஎன் (மலேசிய அரசு படிப்புக் கடன்) கடன் கட்டணும்ல! குருத்துவ ஆசை நெஜமாவே வந்தா, 1808லேர்ந்து பினாங்குலயே செமினரி (ஃபாதராகப் படிக்கிற கல்லூரி) இருக்கு, பங்கு ஃபாதர்கிட்ட பேசு.